விலையில்லாததும் கட்டற்றதும்

2011ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தில் பயன்பெற்ற அண்ணனோ அக்காளோ உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அக்கணினிகள் பலவற்றில் இரண்டு இயக்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். இரண்டுமே மாணவர் கைக்குக் காசின்றி வந்தன. ஆயினும், அவற்றுள் பாஸ் மட்டுமே 'கட்டற்ற மென்பொருள்' எனப்படும். ஏன்?

சேலையும் அட்டையும்

பர்கூர் ஜவுளிக் கடை ஒன்றில் மாங்காய்க் கரை போட்ட சேலை ஒன்றை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கரையை நெய்வதற்காகத் தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். துளை உள்ள இடத்திற்குரிய பாவு நூல் மேலே எழும். துளை இல்லாத இடத்தில் எழாது. சேலை கையில் இருந்தால் உடுத்தலாம். மாங்காயை மயிலாக மாற்ற வேண்டுமானால் அட்டை வேண்டுமல்லவா?

மென்பொருளும் இவ்வாறே. மனிதர் படித்து அறியும்படி எழுதும் கட்டளைத் தொகுப்பு மூலநிரல் எனப்படும். இதுவே அட்டை. கணினி இயங்குவதற்காக 0, 1 என மாற்றப்பட்ட வடிவமே சேலை. பல நிறுவனங்கள் சேலையை மட்டும் தந்து, அட்டையைப் பூட்டி வைத்துக்கொள்கின்றன.

நான்கு உரிமைகள்

1983இல் அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் 'குனு' திட்டத்தை அறிவித்தார். எந்த நோக்கத்திற்கும் இயக்குதல், ஆராய்ந்து மாற்றுதல், படியெடுத்துப் பிறருக்குத் தருதல், மாற்றியதையும் தருதல் ஆகிய நான்கு உரிமைகளும் உள்ள மென்பொருளே கட்டற்றது என்பது அவரது இயக்கத்தின் கொள்கை.

பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியரின் இசைவின்றி எவரும் மென்பொருளைப் படியெடுக்க இயலாது. அந்த இசைவை எழுத்தில் தருவதே உரிமம். 1989இல் வெளியான குனு பொது உரிமம் ஒரு நிபந்தனையும் விதித்தது: 'நீ பெற்ற உரிமைகளை, உன்னிடம் பெறுபவருக்கும் கொடு.' 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருநிரலும் மறு ஆண்டே இவ்வுரிமத்தின் கீழ் வந்தது. ஆகவேதான் சி-டாக் எவருடைய தனி அனுமதிக்கும் காத்திராமல், அதனைத் தமிழ் முதலிய இந்திய மொழிகளுக்கேற்ப அமைக்க முடிந்தது.

இதில் வணிகம் உண்டா?

உண்டு. கட்டற்ற மென்பொருளை விற்கவும் தடையில்லை. லினக்ஸைச் சார்ந்து பராமரிப்புச் சேவையை விற்றுவந்த ரெட் ஹாட் நிறுவனத்தை 2019இல் ஐ.பி.எம். சுமார் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது!

நம் பக்கத்திற்கு வருவோம். ஓசூரில் உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறை ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது, பில் போடும் முறையே மாறியது. பூட்டிய மென்பொருளை வைத்திருந்தால், விற்றவர் திருத்தித் தரும்வரை காத்திருக்க வேண்டும். அவர் கடையை மூடியிருந்தால்? மூலநிரல் கையில் இருந்தால், நிரல் அறிந்த எவரையும் கூலிக்கு அமர்த்தித் திருத்திக்கொள்ளலாம். மும்பையில் உருவான இ.ஆர்.பி.நெக்ஸ்ட் அத்தகைய ஒரு தொழிற்கணக்கு மென்பொருள்.

கடமையும் உண்டு. குனு பொது உரிமமுள்ள மென்பொருளை மாற்றித் தன் பட்டறையிலேயே பயன்படுத்துபவர் அதை வெளியிட வேண்டியதில்லை. ஆனால் பக்கத்துப் பட்டறைக்கு விற்றால், மூலநிரலையும் பெறும் உரிமையை அவருக்குத் தந்தாக வேண்டும். மறைத்தால் அது பதிப்புரிமை மீறல். எம்.ஐ.டி. உரிமம் போன்றவை இவ்வளவு கண்டிப்பானவை அல்ல. ஆசிரியரின் பெயரையும் உரிம வாசகத்தையும் விடாமல் சேர்த்தால், மாற்றியதைப் பூட்டியும் விற்கலாம். எனவே, உரிமத்தைப் படித்த பின்னரே எடுத்தாள வேண்டும். பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவையும் மறக்கலாகாது.

இயற்பியல் வகுப்பில் சூத்திரத்தை மட்டும் தந்து, அது வந்த வழியைச் சொல்ல மறுத்தால் ஒப்புக்கொள்வீர்களா? விடையைச் சரிபார்க்கவும் வழியிராது, மேலே வளர்க்கவும் வழியிராது. மென்பொருளுக்கும் இதே கேள்விதான்.

ஒரு சிறு சோதனை: வீட்டிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகள் பகுதியில், கைப்பேசியைப் பற்றிய சட்டத் தகவல்களைத் தேடுங்கள். நீண்டதொரு உரிமப் பட்டியலைக் காண்பீர்கள். அதில் குனு பொது உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கையிலிருக்கும் சேலைக்கு அட்டை கிடைக்குமா என்பது அதிலிருந்து விளங்கும்.