வடையின் நடுவே ஓர் ஓட்டை

எண்ணெயில் போட்ட உளுந்து வடை முதலில் மூழ்கும். சட்டியின் அடியைத் தொட்டுக் கொஞ்ச நேரம் கிடந்து, சுற்றிலும் குமிழி கிளம்பிய பிறகுதான் மேலே வந்து மிதக்கும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையில், எந்த டீக்கடை வாசலில் நின்றாலும் காலை வேளையில் இதைப் பார்க்கலாம். விடுமுறை நாளில் கடலைப் பார்க்கக் கிளம்பும் குடும்பங்கள் வண்டியை நிறுத்துவதும் அங்கேதான். பெரியவர்களுக்கு டீ, பிள்ளைகளுக்குச் சுடச்சுட வடை.

அப்படி நின்ற ஒரு காலையில் என் அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, டோனட்ல இருக்கிற மாதிரியே இதுலயும் ஓட்டை இருக்கே! யாரைப் பார்த்து யாரு போட்டாங்க?" நான் வாய் திறக்கும் முன்பே சட்டிக்குப் பின்னாலிருந்து மாஸ்டர் சொன்னார்: "ஓட்டை போடலன்னா மேல கருகிடும் பாப்பா, உள்ள மாவாவே நிக்கும்."

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஹான்சன் கிரெகரி என்ற கப்பல்காரர் இதே பதிலைத்தான் சொன்னார். 1847இல், பதினாறு வயதில், கப்பலில் பொரித்துத் தந்த மாவுப் பண்டத்தின் ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு பச்சை மாவாகவும் இருந்ததாம். மிளகுத்தூள் டப்பாவின் தகர மூடியை நடுவில் அழுத்தி, வேகாத அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டதாக 1916இல், முதுமையில், வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையிடம் அவர் சொன்னார். ஓட்டை போட்ட முதல் ஆள் அவர்தானா என்பதில் வழக்கு உண்டு. காரணத்தில் வழக்கில்லை.

நம் பக்கத்து வடைக்கு வயது அதிகம். மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த மானசோல்லாசம் என்ற வடமொழி நூலிலேயே உளுந்தை அரைத்துப் பொரிக்கும் பண்டம் பேசப்படுகிறது. ஒருவரைப் பார்த்து மற்றவர் ஓட்டை போட்டதாக நான் நினைக்கவில்லை. கெட்டி மாவையும் கொதிக்கும் எண்ணெயையும் வைத்துக்கொண்டு மல்லாடும் எவரையும் வெப்பம் இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும்.

வெப்பம் ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது என்பதைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசப் ஃபூரியே 1822இல் நூலாக வெளியிட்டார். அவருடைய கணக்கிலிருந்து கிடைக்கும் விதி இது: வெப்பம் போக வேண்டிய தூரம் இரண்டு மடங்கானால், அதற்குப் பிடிக்கும் நேரம் நான்கு மடங்காகும். தூரம் மூன்று மடங்கென்றால் நேரம் ஒன்பது மடங்கு. இதை வடையில் வைத்துப் பார்க்கலாம். 50 மில்லி மாவை அப்படியே உருட்டிப் போட்டால், மேற்பரப்பிலிருந்து நடுப்புள்ளிக்குச் சுமார் 2.3 சென்டிமீட்டர் தூரம். அதே மாவை, நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் ஓட்டை வைத்து வளையமாக்கினால் அந்தத் தூரம் ஏறக்குறைய 1.15 சென்டிமீட்டர், சரிபாதி. உருண்டைக்குள் எல்லாத் திசையிலிருந்தும் வெப்பம் நுழைவதால் அதற்குச் சற்றுச் சலுகை கிடைக்கிறது. அதைக் கழித்த பிறகும் உருண்டை வேக வளையத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நேரம் பிடிக்கும். கூடுதல் லாபமாக, மொறுமொறுவென்று ஆகக்கூடிய மேற்பரப்பும் வளையத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அதிகம். ஓட்டையின் உள்சுவரும் பொன்னிறமாகிறதல்லவா, அந்தக் கணக்கும் இதில் சேர்த்திதான்.

அப்படியானால் போண்டா? அதே உளுந்து மாவு, அதே சட்டி, ஓட்டை இல்லாத உருண்டை. போண்டா போடும்போது மாஸ்டர் அடுப்பைத் தணிப்பதைப் பாருங்கள். வெளியே கருகாமல் உள்ளே வேக அவகாசம் கொடுக்கிறார்; அதனால்தான் போண்டாவின் தோல் வடையின் தோலைப் போல இருப்பதில்லை. மசால் வடைக்கு ஓட்டையும் வேண்டாம், தணிந்த தீயும் வேண்டாம். தட்டையாகத் தட்டியதிலேயே தூரம் குறைந்துவிட்டது.

வெப்பத்தின் கதை இவ்வளவுதான். எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு வடைக்குள் இருக்கும் காற்று. டோனட்டைப் பொங்க வைப்பது ஈஸ்ட். மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அது கரியமில வாயுவை விடுகிறது; கோதுமையின் குளூட்டன் ரப்பர்போல இழுபட்டு அந்த வாயுவைச் சிறைப்பிடிக்கிறது. உளுந்தில் குளூட்டன் கிடையாது. இட்லி மாவைப் போல வடை மாவு இரவெல்லாம் புளிப்பதும் இல்லை. அரைத்த சூட்டோடு தட்டிவிடுகிறோம். பிறகு எங்கிருந்து வருகிறது அந்தப் பஞ்சு?

கல்லிலிருந்து வருகிறது. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும்போதும், 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டரில் கல் சுற்றும்போதும், மாவு மடிந்து மடிந்து காற்றை உள்ளே இழுக்கிறது. தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைக்கும்போது மாவு கண்ணெதிரே பொங்கும். மிக்ஸியின் பிளேடு வேகமாகச் சுற்றி மாவைச் சூடாக்கிவிடுவதால்தான் வீட்டில் பலர் ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்கிறார்கள். உப்பைக் கடைசியில் போடுவதும் மாவு நீர்த்துப் போகாமலிருக்கத்தான்.

இழுத்த காற்றை உளுந்து எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் சுசீலம்மாவும் ராவும் 1970களில் ஆராய்ந்தார்கள். இரண்டு பொருள்கள் கூட்டாக வேலை செய்கின்றன. ஒன்று, குளோபுலின் வகைப் புரதம். அது ஒவ்வொரு காற்றுக் குமிழியையும் மெல்லிய படலமாகச் சுற்றிக்கொள்கிறது. மற்றொன்று அராபினோகேலக்டன் என்ற மாச்சத்து. ஊறிய உளுந்தைத் தொட்டால் விரலில் வழவழக்கிறதே, அந்தப் பிசுபிசுப்புக்குக் காரணம் இதுதான். பந்தலுக்குக் கால் நட்டதுபோல இது குமிழிகளுக்கு இடையில் நின்று, ஒன்று மற்றொன்றின் மேல் சரிந்து உடையாமல் தாங்குகிறது. அந்தப் பெயர்கள் எதுவும் தெரியாமலே நம் வீட்டுப் பெண்கள் இதைச் சோதிக்க வழி வைத்திருக்கிறார்கள்: ஒரு கிண்ணம் தண்ணீரில் சிட்டிகை மாவைப் போடுவார்கள். மிதந்தால் பதம் சரி. மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும். ஆய்வகத்தில் அடர்த்தி அளப்பதும் இந்தச் சோதனையும் வேறல்ல.

அந்தப் புரதத்துக்கும் காற்றுக்கும் இன்னொரு உறவு உண்டு. காவிரி டெல்டாவில் நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கிற பயிருக்குள் ஈரத்தில் உளுந்தை வீசி விதைப்பார்கள். நெல்லை அறுத்த பிறகு, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் பனியையும் கொண்டே அது வளரும். ஆடுதுறை 3 என்ற ரகம் இந்த விதைப்புக்குப் பேர் பெற்றது. செடியைப் பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். அவற்றுள் வாழும் ரைசோபியம் வகைப் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. உளுந்தின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு புரதமாக இருப்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அதில் ஒரு பகுதி வேர் வழியே போய்ப் புரதமாகிறது. கல்லில் அரைபடும்போது அந்தப் புரதமே திரும்பவும் காற்றை வளைத்துப் பிடிக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உளுந்தின் மேல் மரியாதை கூடுகிறது.

இனி சட்டிக்கு வரலாம். மாஸ்டர் ஒவ்வொரு வடைக்கும் கையைத் தண்ணீரில் தொட்டுக்கொள்கிறார். அந்த நீர்ப்படலம் இருப்பதால் மாவு விரலில் ஒட்டுவதில்லை. ஓர் எலுமிச்சை அளவு மாவை எடுத்து, கட்டைவிரலால் நடுவில் அழுத்தி, கையைத் திருப்பிச் சரிய விடுகிறார். தண்ணீரில் மிதந்த அதே மாவு எண்ணெயில் ஏன் மூழ்குகிறது? சாதாரண வெப்பத்தில் கடலை எண்ணெயின் அடர்த்தி சுமார் 0.91. 180 டிகிரிக்குக் காயும்போது அது விரிந்து 0.81 அளவுக்கு இறங்கிவிடும். தண்ணீரைவிட இலேசான மாவும் அந்த எண்ணெயைவிடக் கனமாக இருக்கலாம். அடியில் கிடக்கும் நேரத்தில் உள்ளே சூடு ஏறுகிறது. 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போவதற்குள் சிக்கிய காற்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விரிகிறது. அதோடு நீராவியும் சேர்ந்து குமிழிகளை ஊதுகிறது. வடை எண்ணெயைவிட இலேசாகும் அந்தக் கணத்தில் அடியை விட்டுக் கிளம்புகிறது.

ஈஸ்ட் போட்ட டோனட் இதைவிட மிக இலேசு. பாதி உடம்பு வெளியே தெரியத்தான் அது மிதக்கும். திருப்பிப் போட்டாலும் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை எண்ணெயில் முழுதாக அமிழ்வதில்லை. நல்ல டோனட்டின் பக்கவாட்டில் தெரியும் வெளிறிய வளையம் அதுதான். கனமான வடை ஏறக்குறைய முழுதும் அமிழ்ந்தே மிதப்பதால் அதற்கு அந்தப் பட்டை கிடையாது.

எண்ணெய் 180 டிகிரியில் இருந்தாலும் வடையின் உள்ளே 100 டிகிரியைத் தாண்டாது. அங்கே தண்ணீர் இருக்கும்வரை, வருகிற வெப்பமெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே செலவாகும். வெளித்தோல் மட்டும் காய்ந்து 140 டிகிரியைத் தாண்டுகிறது. அங்கே புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினைபுரிந்து நிறமும் மணமும் பிறக்கின்றன. 1912இல் இந்த வினையை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மெயார் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். சாலையில் போகிறவரை இழுக்கும் வாசனை அதுதான்.

வடை எண்ணெய் குடிப்பது எப்போது தெரியுமா? பெரும்பாலும் சட்டியை விட்டு வெளியே வந்த பிறகு. உள்ளே இருக்கும்போது இடைவிடாமல் சீறி வெளியேறும் நீராவி எண்ணெயை நுழைய விடாது. வெளியே எடுத்ததும் ஆறத் தொடங்கி, உள்ளிருக்கும் ஆவி நீராகச் சுருங்குகிறது. அங்கே அழுத்தம் குறைய, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உறிஞ்சப்படுகிறது. அதனால்தான் கைதேர்ந்த மாஸ்டர் நீளக் கம்பியை ஓட்டைகளில் நுழைத்து நாலைந்து வடைகளை ஒன்றாகத் தூக்கி, சட்டிக்கு மேலேயே உதறி, சூடு இருக்கும்போதே எண்ணெயை வடிய விடுகிறார். எடுக்க வேண்டிய நேரத்தை அவர் காதால் அறிகிறார். ஈரம் குறையக் குறையச் சட்டியின் இரைச்சல் அடங்கும்.

பொட்டலம் கட்டி மாமல்லபுரம் கடற்கரை வரை கொண்டுபோனால் அந்த மொறுமொறுப்பு போய்விடும். உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் தோலுக்கு நகர்கிறது. ஈரம் மிகுந்த கடற்காற்றும் தன் பங்குக்குச் சேர்கிறது. காய்ந்த நிலையில் நொறுங்கும் தோல் ஈரம் பட்டதும் தோல்வார்போல இழுபடும். ஆகவே கடையிலேயே நின்று தின்பது நல்லது.

நாள்கணக்கில் தாங்கும் வடையும் ஒன்று உண்டு: ஆஞ்சநேயர் கோயில்களில் சாத்தும் வடைமாலை வடை. நாமக்கல்லில் 18 அடி உயர ஆஞ்சநேயருக்குச் சாத்துவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அங்கே பஞ்சுக்கு இடமில்லை. உளுந்தைக் கொஞ்ச நேரமே ஊறவைத்து, தண்ணீர் அதிகம் விடாமல் கரகரப்பாக அரைத்து, மிளகு சேர்த்து, மெல்லியதாகத் தட்டி ஓட்டை போட்டு, குமிழி அடங்கும்வரை பொரிக்கிறார்கள். குமிழி அடங்கிவிட்டதென்றால் ஆவியாக இனி உள்ளே ஈரம் இல்லை என்று பொருள். ஈரமில்லாத இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருக முடியாது. அந்த வடைகள் ஓட்டை வழியே கயிற்றில் கோக்கப்பட்டு மாலையாகி, சாத்தி இறக்கிய பிறகு பிரசாதமாக வீடுகளுக்குப் போய், மறுநாளும் அடுத்த நாளும் அதே மொறுமொறுப்போடு இருக்கின்றன.