பிழைபட்ட நம்பிக்கையும் சமூகச் சூழலும்

பிழையான நம்பிக்கைகள் யாவும் அறியாமையிற் பிறப்பன என்பது பலர் கருத்து. ஆயின் கற்றறிந்தோரும் நன்னோக்கமுடையோருமாகிய பலர், ஒரு பிழையை நெடுங்காலம் மெய்யெனக் கொண்டு ஒழுகியதை வரலாற்றிற் காண்கின்றோம். அவர்களை அந்நிலையில் நிறுத்தியது யாது? அத்தகைய நம்பிக்கையை அதிகாரங்கொண்டு அடக்குதல் தகுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் வாந்திபேதி பற்றி நிகழ்ந்த விவாதத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வாம்.

அழுகிய பொருள்களிலிருந்து எழும் நச்சுக்காற்றே வாந்திபேதிக்குக் காரணம் என்பது அக்காலத்து மருத்துவரிலும் ஆட்சியாளரிலும் பெரும்பாலோரின் கொள்கை. இக்கொள்கையை அவர்தம் சூழலே நாடோறும் மெய்ப்பிப்பதுபோற் காட்டிற்று. துர்நாற்றம் மிக்க ஏழை மக்களின் குடியிருப்புக்களிலேயே மரணம் மலிந்தது. பதிவாளர் நாயகம் அலுவலகத்திற் புள்ளிவிவரப் பணியாற்றிய வில்லியம் பார் என்னும் அறிஞர், 1848-49 ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயை ஆராய்ந்து, நிலமட்டம் உயர உயர இறப்பு வீதம் குறைவதைக் கண்டார். தாழ்நிலத்தில் நச்சுக்காற்று செறிந்திருத்தலே இதற்குக் காரணம் என அவர் முடிவு செய்தார். கணக்கு மெய்யானது, முடிபோ பிழையானது. தாழ்ந்த பகுதிகளில் வாழ்ந்தோர் பலர் கழிவு கலந்த தேம்ஸ் ஆற்று நீரைப் பருகினர் என்பதை அவர் முதன்மைக் காரணமாகக் கொள்ளவில்லை.

சான்று போலத் தோன்றியதோடு பதவியும் புகழும் சேர்ந்துகொண்டன. 1848 இல் அமைக்கப்பட்ட பொதுச் சுகாதாரச் சபையின் பணிகள் நச்சுக்காற்றுக் கொள்கையைத் தழுவியே நடைபெற்றன. எட்வின் சட்விக் முதலியோர் நாற்றத்தை நீக்கும் பொருட்டு வீட்டுக் கழிவுகளைக் கான்களின் வழியே ஆற்றிற் சேர்ப்பித்தனர். அவ்வாற்று நீரையே நகரமக்களிற் பலர் பருகினர். கொள்கை பிழையென ஒப்பின், தம் நற்பணியே தீங்கினை வளர்த்ததென ஒப்பவேண்டும். இது மனிதர்க்கு எளிதன்று. தம்மைச் சூழ்ந்தோர் அனைவரும் ஒன்றையே கூறுமிடத்து, ஐயுறுவதற்கான தேவையும் தோன்றுவதில்லை.

ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர், நோய் நீரினாற் பரவுகின்றது என 1849 இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1854 இல் தென் இலண்டனுக்கு நீர் வழங்கிய இரு கம்பனிகளை அவர் ஒப்பிட்டார். ஒரு கம்பனி நகரக் கழிவு கலந்த இடத்திலும், மற்றையது கழிவு கலவாத மேலாற்றிலும் நீர் எடுத்தன. கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களில், ஒவ்வொரு 10,000 வீடுகளுக்கும் முன்னையதில் 315 பேரும் பின்னையதில் 37 பேரும் இறந்தமை தெரிந்தது. இரு கம்பனிகளின் குழாய்களும் ஒரே வீதிகளிற் சென்றமையால், காற்றைக் காரணங் காட்டுதல் இயலாதாயிற்று. எனினும், சுகாதாரச் சபையின் விசாரணைக் குழு 1855 இல் ஸ்னோவின் கருத்தை ஏற்க மறுத்தது.

இனி, அடக்குதல் பற்றிய வினாவுக்கு வருவாம். பிழையான கருத்தை அடக்கும் அதிகாரம் 1855 இல் ஒருவர் கையில் இருந்திருப்பின், அது யார் கையில் இருந்திருக்கும்? ஸ்னோவை மறுத்தோர் கையிலன்றோ! அடக்கப்பட்டிருப்பது உண்மையேயாம். மாறாக, எதிர்க்கொள்கையினரை ஸ்னோ அடக்கியிருப்பினும் இழப்பே நேர்ந்திருக்கும். சோகோப் பகுதியின் குருவாகிய ஹென்றி வைற்ஹெட், புரோட் வீதிக் கிணறுபற்றிய ஸ்னோவின் கூற்றில் ஐயங்கொண்டு ஆராயப் புகுந்தவர். அவரே, அக்கிணற்றுக்கு அணித்தான வீட்டில் நோயுற்ற குழந்தையொன்றின் துணிகளைக் கழுவிய நீர், கிணற்றை அடுத்த மலக்குழியிற் சேர்ந்ததைக் கண்டறிந்தார். வில்லியம் பாரும் 1866 இற் கிழக்கு இலண்டனில் நோய் பரவியபோது, தம் கணக்குக்களைக் கொண்டே நீர்க்கம்பனி ஒன்றின் வழங்கலைக் காரணமெனக் காட்டினார். வாய் மூடப்பட்டவர் தம் கருத்தை மறைப்பர், ஆராயார். 1859 இல் சுதந்திரம் பற்றி எழுதிய ஜோன் ஸ்ரூவட் மில்லும் கருத்தை அடக்குவதால் விளையும் இவ்விழப்பை வற்புறுத்தினார்.

அங்ஙனமாயின், பிழை தானே திருந்தும்வரை மக்கள் மடிவதோ எனச் சிலர் வினவலாம். தக்க வினாவே. 1866 இற் கிழக்கு இலண்டனில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். ஸ்னோவோ 1858 இலேயே காலமாகிவிட்டார். ஈண்டு நம்பிக்கை வேறு, செயல் வேறு எனப் பகுத்துணர்தல் வேண்டும். 1852 ஆம் ஆண்டுச் சட்டம், நீர்க்கம்பனிகள் ஆற்றின் மேற்பகுதியில் நீரெடுக்கவும் அதனை வடிகட்டவும் பணித்தது. அது எவர் கருத்தையும் தடைசெய்யவில்லை, செயலையே வரையறுத்தது. 1866 இல் அழிவு நேர்ந்தது, கம்பனி அச்சட்டத்தை மீறி மூடப்படாத குளத்து நீரை வழங்கியமையாலேயாம். ஆகவே, தீங்கு பயக்கும் செயலைச் சட்டம் தடுக்கலாம், தடுத்தலும் வேண்டும். கருத்தையோ சான்றுகொண்டே வெல்லல் வேண்டும்.

சூழல் பிழையைத் தாங்குமாயின், திருத்தவேண்டியதும் சூழலையே. கணக்குக்கள் எவரும் காணத்தக்கனவாய் இருத்தல் வேண்டும்; தம் கருத்தை மாற்றிக்கொள்வோர் இகழப்படாதிருத்தல் வேண்டும். இதற்கான பயிற்சி வகுப்பறையிலேயே தொடங்குகின்றது. ஆசிரியர் விரும்பும் விடைக்கே புள்ளி கிடைக்குமாயின், மாணவன் விடையைக் கற்பான், ஆராய்தலைக் கல்லான். “இதனை எவ்வாறு அறிந்தீர்கள்?” என்னும் வினாவைப் பணிவின்மை எனக் கருதாத கல்லூரியே, பிழை நெடுங்காலம் நிலைபெறாத சமூகத்துக்கு வித்திடும்.