கம்பியில்லா அட்டையைக் காணவில்லை!

விஞ்ஞானம் விரைந்து வளர்ந்துவரும் இக்காலத்தில் கணிப்பொறி நுழையாத துறையே இல்லை எனலாம். வங்கி, மருத்துவமனை, ரயில் நிலையம் என எங்கு நோக்கினும் அதன் ஆட்சிதான். ஆயினும் இணையத்தோடு சேராத கணிப்பொறி, கிணறு இருந்தும் வாளியில்லாத வீட்டைப் போன்றதே. மடிக்கணினியை இணையத்தோடு சேர்த்து வைப்பது, தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு சிறு அட்டை. அதற்குக் கம்பியில்லா அட்டை என்று பெயர். வைஃபை கார்டு என்றால் எல்லாருக்கும் விளங்கும். லினக்ஸ் போட்ட கணிப்பொறியில் இந்த அட்டை திடீரெனக் 'காணாமல்' போவதுண்டு. அது ஏன், அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதையே இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

முதலில் லினக்ஸைப் பற்றிச் சில வார்த்தைகள். 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அதைப் போலவே இயங்கும் ஒன்றை 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. நம் நாட்டில் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம், டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்ற இயங்குதளத்தை 2007-இல் வெளியிட்டது. 2011-இல் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு இந்தப் பாஸும் சேர்ந்தே வந்தது. ஆகவே மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று நம் சுற்றுவட்டார ஊர்களிலும் லினக்ஸ் என்றோ வீட்டுக்குள் வந்துவிட்டது. திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்!

மேலூர்ப் பக்கம் எங்கள் உறவினர் ஒருவர், பிளஸ் டூ முடித்த தம் மகளுக்காகப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கினார். பொறியியல் கலந்தாய்வுக்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாளுக்கு ஒரு வாரமே இருந்தது. லினக்ஸ் நன்றாக ஓடியது. ஆனால் வைஃபை என்ற சொல்லே திரையில் இல்லை. கடையில் காட்டினால், "கார்டு போயிருச்சு சார், மாத்த ஆயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு இயங்குதளம் போட்டுத் தருவார்களாம். அந்த அக்காவின் இரண்டு வருடக் குறிப்புகளும், ஸ்கேன் செய்த சான்றிதழ்களும் அதற்குள்தான் இருந்தன. உண்மையில் அட்டைக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு கோப்புதான் இல்லை. அதை எப்படி அறிந்தார்கள் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

தோழியரே, கோயில் யானையை நினைத்துக்கொள்ளுங்கள். யானை இருந்தால் மட்டும் போதுமா? அதன் மொழி தெரிந்த பாகன் வேண்டும். அட்டைதான் யானை; அதோடு பேசத் தெரிந்த டிரைவர் என்னும் மென்பொருள்தான் பாகன். திரையில் வைஃபை தெரியவில்லை என்றவுடன் யானையே செத்துவிட்டது என்று அழக்கூடாது. கொட்டடியில் யானை நிற்கிறதா என்று முதலில் எட்டிப் பார்க்க வேண்டும்.

அவ்வாறு எட்டிப் பார்ப்பதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. டெர்மினல் என்னும் கறுப்புத் திரையைத் திறந்து, எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளை இடைவெளியின்றித் தட்டி எண்டர் அழுத்தினால், உள்ளே பொருத்தப்பட்டிருக்கும் உறுப்புகளின் பட்டியல் வரிசையாக வரும். யு.எஸ்.பி. வழியாகச் சேர்ந்தவற்றைக் காண, கடைசி மூன்று எழுத்துகளுக்குப் பதில் யு, எஸ், பி. பட்டியலில் 'நெட்வொர்க் கண்ட்ரோலர்' என்று ஒரு வரி இருந்தால் அட்டை உயிரோடு இருக்கிறது என்று பொருள். அதே கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் என், என், கே என்ற எழுத்துகளும் சேர்த்தால் மேலும் இரண்டு செய்திகள் கிடைக்கும்.

ஒன்று, அட்டையின் எண். ரேஷன் கார்டுக்கு எண் இருப்பதுபோல ஒவ்வொரு அட்டை வகைக்கும் எண் உண்டு. நடுவில் முக்காற்புள்ளியிட்டு நான்கு நான்கு இலக்கங்களாக அது இருக்கும். முன் பாதி தயாரிப்பாளரையும் பின் பாதி வகையையும் குறிக்கும். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. அந்நிறுவனம் 1978-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் பெயரையே எண்ணாக வைத்துக்கொண்டார்கள்! ஒவ்வொரு டிரைவரிடமும் தனக்குத் தெரிந்த எண்களின் பட்டியல் இருக்கும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அந்த எண்ணைப் பார்த்தே பாகனை அழைக்கிறது. புதிய அட்டையின் எண் பழைய கெர்னலின் பட்டியலில் இராது. அப்போது கெர்னலைப் புதுப்பிப்பதுதான் வழி.

இரண்டாவது, 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி. அந்த வரியே இல்லையென்றால் யானை நிற்கிறது, பாகன் வரவில்லை.

பட்டியலில் அட்டையே இல்லாவிட்டால் என்ன செய்வது? விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணிப்பொறியாயின், விண்டோஸ் முழுமையாக அணையாமல் அரைத்தூக்கத்தில் கிடப்பதால் அட்டை விழிக்காமல் இருக்கலாம். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை நிறுத்திவிட்டு முழுமையாக அணைத்துத் திறந்து பார்க்கலாம். பயாஸில் அட்டையை யாரேனும் நிறுத்தி வைத்திருக்கலாம். பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி, அட்டை தன் இடத்திலிருந்து தளர்ந்தும் போகலாம். பாட்டரியைக் கழற்றிவிட்டுப் பெரியவர்கள் துணையோடு திறந்து, மீண்டும் அழுத்திப் பொருத்த வேண்டும். அட்டையில் செருகியிருக்கும் மெல்லிய கம்பிகள் ஆண்டெனாவுக்கு உரியவை. அவை கழன்றால் சிக்னல்தான் குறையும். அட்டை காணாமல் போகாது. இந்த வேறுபாடு தெரிந்தால் கடைக்காரர் சொல்வது சரியா என்று நாமே அறியலாம்.

இனி, அட்டையும் இருக்கிறது, டிரைவரும் இருக்கிறது, ஆனாலும் வைஃபை இல்லை என்னும் நிலை. மேலூர் அக்காவின் கதை இதுதான். பல அட்டைகளுக்கு நினைவாற்றல் கிடையாது. மின்சாரம் நின்றவுடன் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் 'ஃபர்ம்வேர்' என்னும் கோப்பை டிரைவர் அதற்குள் ஏற்ற வேண்டும். தினமும் விடியற்காலையில் வாசலில் புதிதாகக் கோலம் போடுவதில்லையா, அதைப் போல. அந்தக் கோலத்தின் உரிமை அட்டையைத் தயாரித்தவருடையது. அதன் மூல வரிகளை அவர் காட்டுவதில்லை. மூல வரிகள் திறந்திருக்க வேண்டும் என்பது டெபியனின் கொள்கை. எனவே இத்தகைய கோப்புகளை அது நெடுங்காலம் நிறுவும் வட்டில் சேர்க்காமல் தனியே வைத்திருந்தது. கொள்கை உயர்ந்ததே, ஆனால் கடைசி நாளுக்கு முன் தவிக்கிறவருக்கு அது எப்படித் தோன்றும்?

கோப்பு இல்லை என்பதைக் கெர்னலே எழுதி வைக்கும். டி, எம், இ, எஸ், ஜி என்ற கட்டளை அதன் நாட்குறிப்பைக் காட்டும். நிர்வாகி உரிமை கேட்டால் முன்னால் 'சூடோ' சேர்க்க வேண்டும். அக்காவின் கணிப்பொறியில் இன்ன பெயருள்ள ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை, பிழை எண் கழித்தல் 2 என்று இருந்தது. அதற்கு 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று பொருள். மருந்தின் பெயரே கிடைத்துவிட்டது!

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். அந்தக் கோப்பை எடுக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு அந்தக் கோப்பு வேண்டும். கம்பி இணைப்பு இல்லாத கிராமத்து வீட்டில் என்ன செய்வது? கைப்பேசியைச் சார்ஜர் கம்பியால் மடிக்கணினியில் செருகி, கைப்பேசியில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்கினால் கைப்பேசியின் இணையம் கம்பி வழியே இறங்கிவரும். ஆண்ட்ராய்டு கைப்பேசியாயின் பெரும்பாலும் தனி மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. அதன் வழியாக உரிய ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவி, அணைத்துத் திறந்தார்கள். வைஃபை வந்தது. விண்ணப்பமும் அன்றிரவே போயிற்று. செலவு, கைப்பேசி டேட்டா மட்டுமே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில மடிக்கணினிகளின் ஓரத்தில் வைஃபைக்கென்று சிறு சுவிட்சு இருக்கும். சிலவற்றில் விசைப்பலகையின் மேல்வரிசையில் ஒரு விசை. ஆர், எஃப், கே, ஐ, எல், எல் என்று சேர்த்துத் தட்டி, இடைவெளி விட்டு 'லிஸ்ட்' என்றால் அது அடைபட்டிருக்கிறதா என்று தெரியும். 'ஹார்ட் பிளாக்ட்' என்பதற்கு நேரே 'எஸ்' என்றிருந்தால் அந்தச் சுவிட்சைத் தேடிப் போட வேண்டும். 'சாஃப்ட் பிளாக்ட்' ஆயின் 'லிஸ்ட்' என்பதற்குப் பதில் 'அன்பிளாக் வைஃபை' என்று தட்டினால் திறந்துவிடும். இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

2022-இல் டெபியன் உறுப்பினர்கள் இதுபற்றி வாக்கெடுப்பு நடத்தினர். அதன்படி 2023 ஜூன் மாதம் வெளிவந்த டெபியன் 12 முதல் இக்கோப்புகள் நிறுவும் வட்டிலேயே சேர்ந்து வருகின்றன. எனவே புதிதாக நிறுவுவோருக்கு இத்தொல்லை பெரிதும் குறைந்துவிட்டது. அலமாரியில் உறங்கும் பழைய மடிக்கணினியை எடுப்போர்தாம் கைப்பேசிக் கம்பியையும் உடன் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.