நல்ல ஆபரேஷன் என்று யார் சொல்வது?

மார்பகப் புற்றுநோய்க்காக மார்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதிதாக ஒரு மார்பை உருவாக்கித் தரும் அறுவை சிகிச்சைக்கு மார்பக மறுசீரமைப்பு என்று பெயர். இதை எந்த ஆஸ்பத்திரி நன்றாகச் செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வாரமாக இதைப் பற்றிய ஆய்வுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். கேள்வி எளிது, பதில் அப்படியில்லை.

இதய ஆபரேஷன் என்றால் முதலில் கேட்பது, ஆள் பிழைத்தாரா என்பதுதான். இங்கே அது உதவாது. இந்த ஆபரேஷனில் உயிர் போவது மிக அரிது. எல்லா ஆஸ்பத்திரிக்கும் முழு மார்க் போட்டுவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். அதனால் வேறு அளவுகோல் தேவை.

அதற்கு முன், செய்முறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, சிலிகோன் இம்ப்ளான்ட் வைப்பது. ஆபரேஷன் சீக்கிரம் முடியும். இன்னொன்று ஃப்ளாப். பெரும்பாலும் அடிவயிற்றிலிருந்து தோலையும் கொழுப்பையும் எடுத்து, மெல்லிய ரத்தக் குழாய்களை மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்துத் தைத்து, மார்பாக அமைப்பார்கள். மணிக்கணக்கில் ஆகும். வயிற்றிலும் நீளமாக ஒரு தழும்பு மிஞ்சும்.

முதல் அளவுகோல், என்னென்ன சிக்கல் வந்தது என்று எண்ணுவது. பிரிட்டனில் 81 மையங்கள் சேர்ந்து நடத்திய ஐப்ரா என்ற ஆய்வு 2019இல் வெளியானது. மார்பை எடுத்த கையோடு இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட 2,108 பெண்களை 3 மாதம் பின்தொடர்ந்தார்கள். 100 பேருக்கு 9 பேர் என்ற கணக்கில் இம்ப்ளான்ட்டை இழந்திருந்தார்கள். 25 பேருக்குத் தொற்று. 18 பேருக்கு மறு ஆபரேஷன், 18 பேர் திரும்பவும் ஆஸ்பத்திரியில் அட்மிட். அங்கே வகுத்து வைத்திருந்த தர இலக்கு என்ன தெரியுமா? தொற்று 10 சதவீதத்துக்குள், மற்ற மூன்றும் 5 சதவீதத்துக்குள். நாடு முழுக்கச் சேர்த்து எண்ணியபோதுதான் இந்த இடைவெளி இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

சரி, அப்படின்னா ஒவ்வொரு சர்ஜனுக்கும் இப்படி எண்ணி மார்க் போட்டுவிடலாமே? இங்கேதான் கணக்கு காலை வாருகிறது. ஒரு சர்ஜன் வருஷத்துக்கு 20 பேருக்கு இம்ப்ளான்ட் வைக்கிறார், ஒவ்வொருவருக்கும் அதை இழக்கும் வாய்ப்பு 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றைக்கூட இழக்காமல் அந்த வருஷத்தைக் கடக்க அவருக்குச் சுமார் 15 சதவீத வாய்ப்பு உண்டு. 4 அல்லது அதற்கு மேல் இழக்கச் சுமார் 10 சதவீத வாய்ப்பு. ஒரே திறமையுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர் வரும், இன்னொருவர் பெயர் கெடும். இரண்டுமே வெறும் தற்செயலாக இருக்கலாம்.

நோயாளிகளும் ஒரே மாதிரி இல்லை. புகைபிடிப்பது, சர்க்கரை நோய், உடல் பருமன், கதிரியக்க சிகிச்சை எல்லாமே சிக்கலைக் கூட்டும். இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் பட்டியல் போட்டால், நல்ல மார்க் வாங்கச் சுலபமான வழி, கஷ்டமான நோயாளியை "உங்களுக்கு இது சரிப்படாதும்மா" என்று அனுப்பிவிடுவது. மார்க் ஏறும், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் கிடைக்காது.

இரண்டாவது அளவுகோல், அந்தப் பெண்ணையே கேட்பது. ஆண்ட்ரியா புசிக் குழுவினர் 2009இல் வெளியிட்ட பிரெஸ்ட்-க்யூ என்ற கேள்வித்தாள் இதற்காகவே வந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொள்ளும்போது எப்படி இருக்கிறது, பிரா சரியாகப் பொருந்துகிறதா, வலி இருக்கிறதா, நம்பிக்கையோடு நடமாட முடிகிறதா, தாம்பத்தியம் எப்படி என்றெல்லாம் கேட்கும். பதில்களை 0 முதல் 100 வரையான மதிப்பெண்களாக மாற்றுவார்கள்.

இந்த இரண்டு அளவுகோலும் எதிரும் புதிருமாகப் பேசிய இடம்தான் என்னை இதை எழுத வைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 மையங்கள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வின் 2 வருட முடிவுகள் 2018இல் வந்தன. சிக்கல்களை எண்ணிய கட்டுரையில் 2,343 பெண்கள். கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு சிக்கல். ஃப்ளாப் செய்துகொண்டவர்களுக்கே அது அதிகம். பெண்களையே கேட்ட கட்டுரையில் 2,013 பேர். அதில் ஃப்ளாப் செய்துகொண்டவர்கள் தங்கள் மார்பைப் பற்றிய திருப்தியில் இம்ப்ளான்ட்காரர்களைவிடச் சுமார் 8 புள்ளி மேலே இருந்தார்கள்.

எண்ணிப் பார்த்தால் ஃப்ளாப் மோசம். கேட்டுப் பார்த்தால் ஃப்ளாப் மேல். இரண்டுமே உண்மை. (யாருக்கு எந்த முறை என்று சீட்டுக் குலுக்கிப் போட்ட ஆய்வு இல்லை இது. பெண்களும் டாக்டர்களும் பேசி எடுத்த முடிவு. அதனால் வித்தியாசம் முழுவதையும் ஆபரேஷன் கணக்கில் எழுதிவிடக் கூடாது.) சிக்கலை மட்டும் எண்ணும் ஒரு பட்டியல், ஃப்ளாப் நிறையச் செய்யும் ஆஸ்பத்திரியைக் கீழே தள்ளிவிடும். அங்கே போன பெண்கள் சந்தோஷமாக இருந்தாலும் சரி.

இரண்டு அளவுகோலுக்கும் பொதுவான ஒரு ஓட்டை இருக்கிறது. இரண்டுமே ஆபரேஷன் செய்துகொண்டவர்களை மட்டும்தான் பார்க்கின்றன. பிரிட்டனில் 2008 ஜனவரி முதல் 2009 மார்ச் வரை நடந்த தேசியத் தணிக்கையில், மார்பை எடுத்த 16,485 பெண்களில் 3,389 பேருக்குத்தான் உடனடி மறுசீரமைப்பு நடந்தது. அதாவது 21 சதவீதம். மீதிப் பேரில் பலர் யோசித்து வேண்டாம் என்றிருப்பார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்றே ஒரு பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை என்றால், அவர் எந்தச் சிக்கல் பட்டியலிலும் வரமாட்டார், எந்தத் திருப்திக் கேள்வித்தாளும் அவர் கைக்குப் போகாது. என்னைக் கேட்டால், தரத்தின் முதல் கேள்வியே "உங்களிடம் எல்லா வழியையும் சொன்னார்களா?" என்பதாக இருக்க வேண்டும்.

இந்த முடிவின் முன் நிற்கும் யாராவது இதைப் படித்தால், "நல்ல டாக்டரா?" என்று விசாரிப்பதோடு நிறுத்தாமல் டாக்டரிடமே சிலவற்றைக் கேளுங்கள். இரண்டு முறையும் இங்கே செய்கிறீர்களா, இல்லையென்றால் செய்யும் இடத்துக்கு அனுப்புவீர்களா? வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? சிக்கல்களை எத்தனை மாதம் வரை எண்ணுகிறீர்கள்? செய்துகொண்டவர்களிடம் பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்கிறீர்களா? இவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்லும் இடத்தில், குறைந்தபட்சம் யாரோ எண்ணிக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள்.