யாசோன் என்னும் பெயர்

அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில் பவுலையும் சீலாவையும் தன் இல்லத்தில் ஏற்றுக்கொண்ட தெசலோனிக்கே நகரத்து யாசோனைக் காண்கிறோம். அவன் பெயர் கிரேக்க புராணத்திற்குரியது. யோல்கோஸ் நகரத்து அரசகுமாரனாகிய யாசோன், ஆர்கோ என்னும் கப்பலேறிக் கொல்கிஸ் நாட்டிற்குச் சென்று, மெதேயாவின் உதவியால் பொன் ஆட்டுத்தோலை அடைந்தான். பின்னர் அவளையே கைவிட்டான் என்பது கதை.

இப்பெயர் யூதரிடையே வழங்கியது எவ்வாறு? யோசுவா என்னும் எபிரெயப் பெயரோடு இது ஓசையில் ஒத்திருந்தமையால், கிரேக்கர் ஆட்சியில் யூதர் சிலர் அதற்கு ஈடாக இதனைத் தரித்துக்கொண்டனர். அவர்களுள் ஒருவன் பிரதான ஆசாரியனாகிய ஓனியாவின் சகோதரன். அவன் தன் பெயரை யாசோன் என மாற்றிக்கொண்டதாக யோசேபஸ் எழுதுகிறார். கி.மு. 175இல் அவன் அந்தியோகஸ் எப்பிபானெஸ் அரசனுக்கு 440 தாலந்து வெள்ளி தருவதாகக் கூறித் தமையனின் பதவியைப் பெற்றான் என்றும், எருசலேமில் கிரேக்க முறைப்படி உடற்பயிற்சிக் கூடம் அமைத்தான் என்றும், ஆசாரியர் பலிபீடத்தை விட்டு மற்போர்க் களத்திற்கு விரைந்தனர் என்றும் தள்ளுபடியாகமமாகிய இரண்டாம் மக்கபேயர் கூறுகிறது. மூன்றாண்டுகளில் மெனெலாஸ் என்பவன் 300 தாலந்து மிகுதியாகக் கொடுத்து அப்பதவியைக் கவர்ந்தான். அவன் பெயரும் கிரேக்க வீரகதைக்குரியதே!

ஆனால் பழியைப் பெயரின்மேல் சுமத்துதல் தகுமோ? மக்கபேயரின் போராட்டத்தை ஐந்து நூல்களாக எழுதியவர் சிரேனே ஊர் யாசோன். இரண்டாம் மக்கபேயர் அவற்றின் சுருக்கமே. யூதா மக்கபே ரோமாபுரிக்கு அனுப்பிய தூதர் இருவருள் ஒருவர் எலெயாசாரின் குமாரன் யாசோன். ஆலயத்தை விலைபேசியவனும் அதற்காகப் போராடியோரைச் சேர்ந்தவர்களும் ஒரே பெயரைத் தரித்திருந்தனர்.

தெசலோனிக்கேயின் யாசோனோ, சுவிசேஷத்தினிமித்தம் அதிகாரிகள்முன் இழுக்கப்பட்டு, ஜாமீன் கொடுத்து விடுவிக்கப்பட்டான். அவன் பெயரை மாற்றும்படி எவரும் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. அப்பொல்லோ, எர்மே, பெபேயாள் ஆகியோரும் புறமதத் தேவர்களின் பெயர்களோடு தொடர்புடைய தங்கள் பெயர்களுடனேயே சபையில் ஊழியஞ்செய்தனர்.

ஞானஸ்நானம் பெற வருவோர் தம் பெயரை மாற்றவேண்டுமோ என்னும் வினா நம் முன்னும் எழுகிறது. விரும்பி மாற்றுவோரை நாம் தடைசெய்ய வேண்டுவதில்லை. மாற்றாதாரின் விசுவாசத்தை ஐயுறுதலும் ஆகாது. பெயரை ஆராய்வதிலும், அப்பெயருடையான் தன் வீட்டுக் கதவை யாருக்குத் திறக்கிறான் என நோக்குதலே நலம்.