இடுப்பளவும் நோய்க் கணக்கும்

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கடன் தவணை தவறியவர் எத்தனை பேர் என்று வினவினால், விடை உடனே கிடைத்துவிடாது. ஒரு தவணை தவறியவரையும் சேர்ப்பதா, மூன்று தவணை தவறியவரை மட்டும் சேர்ப்பதா என்று முதலில் தீர்மானித்தாக வேண்டும். விதி மாறினால் பட்டியல் நீளும், அல்லது குறுகும்; ஆனால் செலுத்தவேண்டிய பாக்கியில் ஒரு காசும் குறைவதில்லை. தேக ஆரோக்கியக் கணக்கிலும் இதே நிலைமை உண்டென்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துக் கூற விரும்புகின்றோம்.

வயிற்றைச் சுற்றிய கொழுப்பு, இரத்த அழுத்தம், இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பின் மிகுதி, எச்.டி.எல். என்னும் நல்ல கொழுப்பின் குறைவு ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று அழைத்துவரும் இயல்புடையவை. நன்மைக்காகக் கூடுவது நமது கூட்டுறவு. இவையோ தீமைக்காகக் கூடுகின்றன. 1988-ல் ஜெரால்டு ரீவன் என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர் இவற்றுட் பலவற்றை ஒன்றாக இணைத்துக் காட்டினார். இன்று இக்கூட்டினை மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கின்றனர். இது உடையவர்க்குப் பின்னாளில் நீரிழிவும் மாரடைப்பும் நேரும் அபாயம் அதிகம்.

இக்கூட்டு ஒருவரிடம் உண்டா, இல்லையா என்று முடிவு செய்வதற்கு வெவ்வேறு அளவுகோல்கள் தோன்றின. 1999-ல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட விதிப்படி, சர்க்கரைக் கோளாறோ, இன்சுலினுக்கு உடல் இணங்காமையோ கட்டாயம் இருக்கவேண்டும். அதனுடன் வேறு இரண்டும் சேரவேண்டும். 2001-ல் வந்த அமெரிக்க விதி, ஐந்தில் ஏதேனும் மூன்று போதுமென்றது. ஆனால் ஆணின் இடுப்பு 102 சென்டிமீட்டரையும், பெண்ணின் இடுப்பு 88 சென்டிமீட்டரையும் தாண்டினால்தான் குறையெனக் கொண்டது. 2005-ல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் இடுப்பளவையே கட்டாயமாக்கிற்று. நம் நாட்டவர்க்கு அவ்வெல்லையை ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 எனக் குறைத்தது. மெலிந்த கைகால் உடைய இந்தியரிடத்தும் வயிற்றினுள் கொழுப்பு மிகுந்திருப்பதே இதற்குக் காரணமாகும்.

மூன்று விதிகளையும் ஒரே மக்கள்மீது வைத்துப் பார்த்த ஆய்வு நமது சென்னையிலேயே நடந்துள்ளது. டாக்டர் வி. மோகன் குழுவினர் நகரவாசிகள் 2,350 பேரைச் சோதித்து, 2007-ல் முடிவினை வெளியிட்டனர். உலக சுகாதார ஸ்தாபன விதிப்படி 546 பேர், அதாவது நூற்றுக்கு 23.2, அமெரிக்க விதிப்படி 430 பேர், நூற்றுக்கு 18.3; சம்மேளன விதிப்படி 607 பேர், நூற்றுக்கு 25.8. மூன்று பட்டியலிலும் இடம்பெற்றவரோ 224 பேர் மட்டுமே! ஆகவே, ஒரு விதியால் விலக்கப்பட்டவர் நோயற்றவர் என்று கொள்வது தவறு.

ஆலங்குளத்துப் பருத்தி விவசாயி ஒருவரையோ, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்பவர் ஒருவரையோ உதாரணமாகக் கொள்வோம். இடுப்பு 93 சென்டிமீட்டர், இரத்த அழுத்தம் 134/86, வெறும் வயிற்றுச் சர்க்கரை 104. கொழுப்புக் கணக்கு இரண்டும் சரியாக உள்ளன. 2001-ன் விதிப்படி அவரிடம் இரத்த அழுத்தம் ஒன்றே குறை. பட்டியலில் அவர் பெயர் ஏறாது. 2005-ன் விதிப்படி இடுப்பு, அழுத்தம், சர்க்கரை மூன்றும் எல்லையைத் தாண்டியவை. அவர் பெயர் ஏறிவிடும். மனிதர் ஒருவரே, அவருடைய இரத்தமும் ஒன்றே. முதற் பட்டியலை நம்பி அவர் வாளாவிருந்தால் இழப்பு யாருக்கு?

2009-ல் உலக அமைப்புகள் பல கூடி, ஐந்தில் எவையேனும் மூன்று, இடுப்பளவு அந்தந்த நாட்டு மக்களுக்கேற்ப என்று ஓரளவு உடன்பாடு கண்டன. எனினும், பெயர் சூட்டுவதைக் காட்டிலும் ஒவ்வொரு குறையையும் தனித்தனியே கண்டு தீர்ப்பதே நமக்கு முக்கியம்.

உழைக்கும் கிராமத்தானுக்கு இவை வாரா என்பாரும் உளர். 2011-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வில், தமிழகத்தின் கிராமங்களிலேயே நூற்றுக்கு 7.8 பேரிடம் நீரிழிவு காணப்பட்டது. நாம் நெய்யும் துணி ஆஸ்பத்திரிக்குச் செல்கின்றது. நாம் செல்வதற்கோ நோய் முற்றவேண்டியிருக்கின்றது!

தையற்காரரின் நாடா ஒவ்வொரு வீட்டிலும் கிடைக்கும். நேராக நின்று, மூச்சை இயல்பாக வெளிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஆண்களுக்கு முப்பத்தைந்தரை அங்குலமும், பெண்களுக்கு முப்பத்தொன்றரை அங்குலமும் எட்டிவிட்டால், அடுத்த முறை இராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ செல்லும்போது மருத்துவரைக் கண்டு மற்ற நான்கையும் சோதித்துக் கொள்ளுங்கள். அளவு குறைந்தவரும் அழுத்தத்தையும் சர்க்கரையையும் பாராமல் விடலாகாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இவ்விரண்டையும் பார்த்துக் கொள்ளலாம். கிடைத்த எண்களைக் கடன் புத்தகம்போல் ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். பாக்கி சிறிதாக இருக்கும்போதே தீர்ப்பது எளிது என்பதைச் சங்க அங்கத்தினருக்குக் கூறவும் வேண்டுமோ?