எல்லோரும் நடக்கும் பாதை

இங்கிலாந்து நாட்டில் ஷெஃபீல்டு என்று ஒரு நகரம் இருக்கிறது. எஃகுக்குப் பேர்போன ஊர். கத்தியும் கரண்டியும் அங்கே ஏராளமாகத் தயாராயின. ஒரு காலத்தில் ஆலைப் புகை அந்த ஊரையே மூடியிருந்தது. தொழிலாளர்கள் வாரம் முழுவதும் உலையின் முன்னே நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நல்ல காற்றைத் தேடினார்கள்.

ஊருக்கு மேற்கே மலைகள் இருக்கின்றன. அங்கே ஒரு நடைபாதை உண்டு. காடு, வெட்டவெளி எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்துவிடலாம். அரை நாள் போதும். இன்று யார் வேண்டுமானாலும் அதில் நடக்கலாம். நடக்கக் கட்டணம் இல்லை. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு.

ஓடையோரக் காடு

ஷெஃபீல்டிலிருந்து போகும் ரயில் ஒரு நீண்ட சுரங்கத்துக்குள் நுழைகிறது. அதன் நீளம் சுமார் 5.7 கிலோமீட்டர். வெளியே வந்ததும் கிரிண்டில்ஃபோர்டு என்ற சிறிய நிலையம். நடை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் வருவது பாட்லி என்னும் மலையிடுக்கு. இரண்டு சரிவுகளுக்கு நடுவே குறுகிய பள்ளம். அதில் பர்பேஜ் ஓடை பாறைக்குப் பாறை தாவி இறங்குகிறது. இருபுறமும் ஓக் மரங்கள். பாறைகள் மேல் பாசி கம்பளிபோலப் படர்ந்திருக்கிறது. குளிர்காலம் முடிந்ததும் ஈப்பிடிப்பான் என்ற சிறு பறவை ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே வருகிறது. மரப்பொந்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது.

விலைக்கு வந்த நிலம்

மேலே ஏறினால் லாங்ஷா என்ற இடம். ஒரு பிரபுவுக்குச் சொந்தமான வேட்டை நிலமாக அது இருந்தது. 1927-ல் அது விற்பனைக்கு வந்தது. கட்டடக்காரர்கள் வாங்கினால் மலை போய்விடும் என்று மக்கள் பயந்தார்கள்.

எதெல் கேலிமோர் என்ற பெண்மணி ஷெஃபீல்டில் இருந்தார். முதல் உலகப் போரில் அவர் கணவரை இழந்தவர். துக்கத்தில் நோயுற்றிருந்த அவருக்கு மலையில் நடந்ததுதான் மருந்தாயிற்று. அந்த நிலத்தைக் காப்பாற்ற நிதி திரட்டும் வேலையில் அவர் முன்நின்றார். ஊர் மக்கள் பணம் கொடுத்தார்கள். சுமார் 750 ஏக்கர் நிலம் மீட்கப்பட்டது. 1931-ல் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் அது ஒப்படைக்கப்பட்டது.

மரமில்லாத வெளி

லாங்ஷாவைத் தாண்டினால் காடு முடிகிறது. கண்ணுக்கு எட்டிய வரை மரமில்லாத மேட்டு நிலம். இதை மூர் என்று சொல்கிறார்கள். ஹெதர் என்ற குத்துச்செடி இங்கே வளர்கிறது. ஆகஸ்டு மாதம் அது பூக்கும்போது மலையே ஊதா நிறமாகிவிடும்.

இங்கே மரம் ஏன் இல்லை? பழங்காலத்தில் மக்கள் மரங்களை வெட்டினார்கள், எரித்தார்கள். பிறகு ஆடுகள் மேய்ந்தன. முளைத்த கன்றுகளை அவை தின்றுவிட்டன. ஓடை இடுக்கு செங்குத்தானது, பாறை நிறைந்தது. அதனால் அங்கே காடு தப்பியது.

இப்படிப்பட்ட மூர் வெளிகளைப் பணக்காரர்கள் பறவை வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்தார்கள். நடக்க வந்தவர்களைக் காவல்காரர்கள் விரட்டினார்கள்.

1932 ஏப்ரல் 24 அன்று, இதே மலைத்தொடரில் உள்ள கிண்டர் ஸ்கவுட் மலையில் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி ஏறினார்கள். பென்னி ராத்மன் என்ற 20 வயது இளைஞர் முன்னே நின்றார். காவல்காரர்களுடன் கைகலப்பு ஏற்பட்டது. ஐந்து பேருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. ராத்மனுக்கு நான்கு மாதம்.

அவர்கள் சிறைக்குப் போனார்கள். ஆனால் கேள்வி நாடெங்கும் பரவியது. 1949-ல் ஒரு சட்டம் வந்தது. 1951-ல் இந்த மலைப்பகுதி பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2000-ல் வந்த சட்டம் திறந்த மூர் வெளிகளில் நடக்கும் உரிமையை மக்களுக்குக் கொடுத்தது.

திரிகைக் கற்கள்

திரும்பும் வழியில் பெரிய வட்டக் கற்கள் கிடக்கின்றன. மாவு அரைக்கும் ஆலைகளுக்காகச் செதுக்கிய திரிகைக் கற்கள் அவை. பிறகு வேறு கற்களும் இரும்பு உருளைகளும் வந்தன. இவற்றை வாங்க ஆள் இல்லை. தொழிலாளிகள் அப்படியே விட்டுப் போனார்கள். இன்று அவற்றின் நடுவே மரங்கள் முளைத்திருக்கின்றன. அங்கிருந்து பாதை இறங்கி மறுபடி ரயில் நிலையத்தில் முடிகிறது.

உரிமையோடு பொறுப்பும்

மூர் வெளியின் அடியில் பீட் என்ற கறுப்பு மண் இருக்கிறது. முழுதும் மக்காத செடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உண்டான மண் அது. மழைநீரைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காய்ந்தால் தீப்பிடிக்கும். அணைத்த பிறகும் தீ மண்ணுக்குள்ளே நாள் கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அதனால் அங்கே யாரும் நெருப்பு மூட்டக் கூடாது.

மார்ச் முதல் ஜூலை வரை பறவைகள் தரையில் கூடு கட்டும். அந்த மாதங்களில் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

ஊர் மக்கள் பணம் கொடுத்து மீட்ட நிலம் அது. சிலர் சிறை சென்று கேட்ட உரிமை அது. அதைக் கெடாமல் வைத்திருப்பது இன்று நடப்பவர்களின் கையில் இருக்கிறது.

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊரில் எல்லோருக்கும் பொதுவான பாதை, மேய்ச்சல் நிலம், ஏரிக்கரை எவை? அவற்றை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?